கதை: விக்னேஷ்குமார்

— ஷீல்டு குடுத்தா அதை நான் எங்கன கொண்டு போய் வைக்க? இந்த வீட்டுக்குள்ள நாலு பேரு காலை நீட்டிப் படுக்கவே எடமில்ல. மொதல்ல அந்தப் பசைச் சட்டியைத் தள்ளி வச்சுட்டு உக்காருங்க தம்பி. வெள்ளைச் சட்டை பாழாப் போகும்.

— சட்டை போகட்டும் சண்முகத்தாயக்கா. ஷீல்டுகூட முக்கியமில்ல, மேடைதான் முக்கியம். அதாவது, படம் இருபத்தஞ்சு நாள் ஓடியிருக்கு. இன்னைக்கு விருதுநகர்ல விழா. டைரக்டர், ஹீரோயின், பத்திரிகைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. உங்களை நடுவுல நிக்க வச்சு, ‘வேலைக்காரியா நடிச்சது நடிகை இல்ல, தாயில்பட்டி பட்டாசுத் தொழிலாளி’ன்னு சொல்லப் போறோம். கார் ரோட்டுல நிக்குது.

— நிக்கட்டும். நான் பட்டாசுக்குக் காகிதக் கொளாய் சுருட்டிக்கிட்டே பேசுறேன், தப்பா நெனைக்காதீக. சீசன் நேரம். காலையில எடுக்க வண்டி வந்துரும்.

— வேலையைப் பாருங்கக்கா, வேண்டாங்கல. ஆனா ஆறு மணிக்கு நாம அங்க இருக்கணும். வந்ததுல இருந்து பாக்குறேன், உங்க முகமே சரியில்ல. படம் பாத்தீங்களா இல்லையான்னு கூடச் சொல்ல மாட்டேங்கிறீங்க.

— பாத்தேன். தெருவே பாத்துச்சு. டிரைவர் ரத்தினசாமி பட்டாசுக் கம்பெனி வேனைக் கொண்டாந்துட்டான். வேலைக்கு ஏத்துற வேன்ல எங்களை சினிமாவுக்கு ஏத்திக்கிட்டுப் போனான். போர்மேன் அரைநாள் லீவு விட்டாரு, இந்தச் சீசன்ல! நம்ம சண்முகத்தாய் படம்னு. பக்கத்து வீட்டு முத்துமாரி எந்தலையில ரெண்டு மொளம் கனகாம்பரம் வச்சுவிட்டா. கல்யாணத்துக்குக்கூட எனக்கு அம்புட்டுப் பூ இல்ல.

— அப்படியா! தெரிஞ்சிருந்தா போட்டோகிராபரை அனுப்பியிருப்பேனே. விசில் அடிச்சாங்களா?

— அடிச்சாக. வாளியைத் தூக்கிக்கிட்டு கேட்டைத் தெறந்து வர்றேன்ல, அங்கன ஒரே விசிலு. எங்க தெருப் பய காளீஸ்வரன் பேப்பரைக் கிளிச்சுக் கிளிச்சு எறிஞ்சான். நானும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். பெறகு சத்தம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. படத்துல அந்த ஹீரோயினம்மா பாலைக் குடிக்கக் குடிக்க ஒடம்பு மோசமாகுது. நான் சன்னல் வளியா எட்டிப் பாக்குறேன். ஒடனே ஒரு சத்தம் வைக்கீக பாருங்க, முன்வரிசையில இருந்தவுக திரும்பி என்னையப் பாத்தாக. எடவேளையில முறுக்கு வாங்கப் போனவுக திரும்பி வந்து எம்பக்கத்துல உக்காரல.

— அது திரில்லர்க்கா. எல்லாரையும் சந்தேகப்பட வைக்கணும். வீட்டுக்குள்ளயே நடக்குற கதை, அதனால...

— எல்லாரையுமா சந்தேகப்பட வச்சீக? சரி, கடைசியில போலீசுக்காரரு பால் தம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்காரு. தம்ளர்ல வெள்ளி வெள்ளியா வெரலு பதிஞ்சிருக்கு. பட்டாசு மருந்து ஒட்டுன கை. அம்புட்டுத்தான், விசம் வச்சது வேலைக்காரின்னு தெரிஞ்சுபோச்சு. பின்னால ஒருத்தன், ‘பிடிச்சு அடிங்கடா அவளை’ன்னு கத்துனான். எங்க தெருப் பிள்ளைக கைதட்டுச்சுக தம்பி. பிடிபட்டது நான்னு பெறகுதான் அதுகளுக்கு ஒறைச்சுச்சு. மாரிசெல்வி மகன் தட்டுன கையைக் கீள போட்டுட்டு அளுதான்.

— ...அது வந்து... கிளைமாக்ஸ் நல்லா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அதாவது, சினிமாவா பாத்தா.

— சினிமாவாத்தான் பாத்தோம். நீங்க எனக்குச் சொன்ன சினிமா அது இல்லையே.

— அதெல்லாம் வண்டியில போறப்போ பேசிக்கலாமேக்கா.

— இங்கனயே பேசுவோம். தை மாசம் இதே எடத்துல உக்காந்து என்ன கதை சொன்னீக? மறந்துட்டீகன்னா நான் சொல்றேன். ஒரு காலனி. புதுசாக் கல்யாணம் முடிச்சு வந்த பொண்ணு. வீட்டுல ஒவ்வொண்ணா நகை காணாமப் போகுது. கண்டுபிடிச்சிருவாளோன்னு அவ குடிக்கிற பால்ல யாரோ என்னத்தையோ கலக்காக. எல்லாருக்கும் வேலைக்காரி மேலதான் சந்தேகம். கடைசியில பாத்தா, அந்த வீட்டுச் சின்னப் பையன், மாப்பிள்ளைக்குத் தம்பி, அவன்தான். அவனே ஊரைக் கூட்டி ஒத்துக்கிட்டு வேலைக்காரி கால்ல விழுகான். இதானே?

— இதான். நான் எழுதினது இதேதான். சத்தியமா.

— அந்தக் கதைக்குத்தான் நான் வந்தேன். இன்னொண்ணும் சொன்னீக. தமிள் சினிமாவுல நம்ம பக்கத்துச் சனத்தை யாரும் காட்டல, காட்டுனாலும் செவப்பா ஒருத்தியைக் கூட்டியாந்து கருப்புப் பூசித்தான் காட்டுறாக, நான் நெசமான ஆளைக் காட்டப் போறேன்னீக. கேக்க எம்புட்டு நல்லா இருந்துச்சு. ராத்திரி எல்லாம் எம்புருசங்கிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

— அது உண்மைதானக்கா. உங்களை எடுக்க வேண்டாம்னு எம்புட்டு... எவ்வளவு பேர் சொன்னாங்க தெரியுமா? நான்தான் சண்டை போட்டேன். நிஜமான முகம் வேணும், பூசுன கருப்பு வேண்டாம்னு.

— கருப்பு பூசல. வெள்ளிதான் பூசுனீக. சூட்டிங்குக்கு மூணு நாளு முந்தியே நான் வேலைக்குப் போறதை நிப்பாட்டிட்டேன். தேங்காயெண்ணெயைத் தேச்சு, எலுமிச்சந்தோலை வச்சு உரசி, நகக்கண்ணுல ஊசியை விட்டு நோண்டி எடுத்தேன். அலுமினியப் பொடி லேசுல போகுமா? கல்யாண வீடு, சடங்கு வீடுன்னா நாங்க அப்பிடித்தான் போவோம். கேமராவுக்கு முன்னால அளுக்குக் கையை நீட்டக் கூடாதுல்ல. அங்கன வந்து ஆசையா நீட்டுறேன், டைரக்டருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ‘என்னய்யா இவ கை இம்புட்டுச் சுத்தமா இருக்கு’ன்னாரு. மேக்கப்காரரு வெள்ளிப் பொடியைக் கொளைச்சு நகம் வரைக்கும் பூசுனாரு. நான் ஒங்களைத்தான் பாத்தேன். நீங்க அட்டையில என்னமோ எளுதிக்கிட்டு இருந்தீக.

— பாத்தேன்க்கா. நீங்க என்னைப் பாத்ததை நானும் பாத்தேன். அதான் குனிஞ்சு எழுதினேன்.

— அன்னைக்குக்கூட நான் சந்தேகப்படல. பட்டாசுக்காரின்னா அப்பிடித்தான் காட்டணும் போலன்னு நெனச்சேன். நீலச் சேலை கட்டிட்டு வந்தேன், அதை அவுத்துட்டுக் கிளிஞ்ச சேலை குடுத்தாக. சரி, ஏளைன்னு காட்டணும். நேரா நடந்தேன், கூனி நடன்னாக. சரி, வேலை பாத்துப் பாத்து முதுகு வளைஞ்சிருக்கும். ரெண்டரை மணி நேரம் ஓடுற படத்துல எனக்கு ஏளு வார்த்தை. ‘சரிங்கம்மா’ அஞ்சு, ‘தெரியாதும்மா’ ரெண்டு. அதுக்கும் ஒரு சமாதானம் நானே சொல்லிக்கிட்டேன். அந்தம்மாதான் பெரிய நடிகை, அவுகதான் பேசணும்.

— உங்க பார்வைதான் பேசுச்சுன்னு ஒரு பத்திரிகையில எழுதியிருக்காங்க. கொண்டாந்திருக்கேன். படிச்சுக் காட்டவா? ‘அந்தச் சமையலறை வாசலில் நின்று அவர் பார்க்கும் பார்வையில் உள்ள கொடூரம்’னு...

— சமையக்கட்டு வாசல்ல நின்னனே, அந்தப் பார்வையா?

— ஆமாக்கா. ஒரே டேக்ல ஓகே ஆச்சே.

— அன்னைக்கு மூணு மணி வரைக்கும் எனக்குச் சோறு வரல. டைரக்டரு மொறைச்சுப் பாரு, மொறைச்சுப் பாருன்னாரு. எனக்கு யாரையும் மொறைச்சுப் பளக்கமில்ல. உள்ள மேசையில அந்தம்மாவுக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருந்தாக. நான் அந்தத் தட்டைப் பாத்தேன். அதைத்தான் எடுத்தீக. பசிச்சுப் பாத்ததைக் கொடூரம்னு எளுதுறாகளா? நல்ல பத்திரிகை.

— அக்கா, எனக்கு அது தெரியாது. சாப்பாடு கவனிக்க வேண்டியது என் வேலைதான். ஆனா நிசமா தெரியாது.

— விடுங்க, பசி அன்னைக்கோட போச்சு. கதையை எப்ப மாத்துனீக?

— கடைசி வாரம், உங்க சீன் எடுக்க நீங்க வர்றதுக்கு முந்தி. புரொடியூசர் ரஷ், அதாவது அதுவரைக்கும் எடுத்ததை, போட்டுப் பாத்தாரு. ‘வீட்டுப் பையன்தான் திருடன்னா எந்தக் குடும்பம் ரசிக்கும்? டிக்கெட் வாங்கி வர்றது வேலைக்காரி இல்லய்யா, வேலைக்காரி வச்சிருக்கிறவன். அவன் வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிப் பாக்கணும், அதான் திரில்லர்’னாரு. டைரக்டர் என்னையப் பாத்தாரு. நான்... அதாவது, நான் ஒரு உதவி டைரக்டர்க்கா. பத்து வருசமா நாலு பேருக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தவன்.

— நீங்க என்ன சொன்னீக?

— ஒரு நாள் பூரா ஒத்துக்கிடல. மறுநாள் கூப்பிட்டு, ‘கிளைமாக்ஸை நீயே மாத்திக் குடு, டைட்டில்ல கதைன்னு உன் பேரைத் தனியாப் போடுறேன்’னாரு.

— போட்டாக. நான் எளுத்துக் கூட்டிப் படிச்சேன். ‘கதை: விக்னேஷ்குமார்’. அப்ப நான்தான் மொதல்ல கைதட்டுனேன் தம்பி. நம்ம பக்கத்து ஆளு, ஆனைக்குட்டத்துப் பிள்ளைன்னு பக்கத்துல இருந்தவுகளுக்கெல்லாம் சொன்னேன்.

— சொல்லாதீங்கக்கா. எனக்கு வெக்கமா இருக்கு.

— வெக்கமா இருக்குன்னு சொல்லத்தான் வந்தீகளா, கார்ல ஏத்தத்தான் வந்தீகளா?

— ...ஏத்தத்தான் வந்தேன். வெக்கம் வந்த எடத்துல வந்துருச்சு.

— சூலக்கரைப் பக்கம், நீங்க படம் பிடிச்ச அந்தக் காலனிக்கு இந்த மாசம் போனீகளா?

— இல்லையே. மெட்ராஸ்லயேதான் இருந்தேன். ஏன்?

— முத்துமாரி அங்கன ரெண்டு வீட்டுல பாத்திரம் வெளக்குறா, பாண்டிச்செல்வி ஒரு வீட்டுல. எங்க ஊருல இருந்து மட்டும் பதினோரு பேரு போறாளுக. கம்பெனியில வேலை இருந்தா கம்பெனி, இல்லைன்னா காலனி. இப்ப கேட்டுல வாச்மேன் நிக்கான். ‘கையைக் காட்டு’ங்கான். உள்ளங்கையையும் காட்டணும், பொறங்கையையும் காட்டணும். நகக்கண்ணுல வெள்ளி மின்னுச்சுன்னா உள்ள விட மாட்டான்.

— யாரு... யாரு அப்படிச் செய்யச் சொன்னது?

— அந்த வீட்டம்மாக்கள் எல்லாம் சேர்ந்து பேசி முடிவு பண்ணுனாகளாம். படம் பாத்துட்டு வந்த மறுநாளு. ஒருத்தி எங்க பாண்டிச்செல்வி காய்ச்சுன பாலைக் கொட்டிட்டா, அவ கண்ணு முன்னாலயே. முத்துமாரி தெனம் வாசிங்சோடாவைப் போட்டுத் தேச்சுத் தேச்சு, உள்ளங்கை உரிஞ்சு போய்க் கெடக்கு. அந்தக் கையோட சோத்தைப் பிசைய முடியல அவளுக்கு. கரண்டியில திங்கா.

— கடவுளே.

— எங்கிட்ட ஒருத்தியும் சண்டைக்கு வரல, அதான் எனக்கு ஆற மாட்டேங்குது. நாலு வார்த்தை வஞ்சிருந்தா நானும் திருப்பி வஞ்சுட்டுப் போயிருப்பேன். கம்பெனியில ரூம்புக்கு நாலு பேரு உக்காந்து வேலை பாக்கோம். மத்த மூணு பேரும் அவுகளுக்குள்ள பேசிக்கிறாக. நான் தண்ணி கேட்டா சொம்பைக் குடுக்காக, மூஞ்சியைக் குடுக்க மாட்டேங்காக. கூனி நடக்கச் சொன்னீகள்ல, இப்ப யாரும் சொல்லாமயே தெருவுல அப்பிடித்தான் நடக்கேன்.

— நான் அந்த வாச்மேன்கிட்டப் போய்ப் பேசுறேன்க்கா. இன்னைக்கே. காலனிச் சங்கத்துல யாரு இருக்காங்களோ அவங்ககிட்டயும்.

— என்னன்னு பேசுவீக?

— இது வெறும் சினிமான்னு. கற்பனைன்னு.

— அந்த வெள்ளிக் கை? அதுவும் கற்பனையா? மெட்ராசுக்காரருக்கு அலுமினியப் பொடி நகக்கண்ணுல ஒட்டும், லேசுல போகாதுன்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு தம்பி? எனக்கு அது மட்டும் பிடிபடவே மாட்டேங்குது. சொல்லுங்க.

— நான்தான் சொன்னேன்.

— ம்.

— கிளைமாக்ஸை மாத்திட்டோம். போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு தடயம் வேணும். டைரக்டர், ‘உங்க ஊருல இருந்து ஒண்ணு குடுய்யா, வேற படத்துல வராததா’ன்னாக. சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன்ல, பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வர்ற கைக எல்லாம் மினுமினுன்னு இருக்கும். வாயில இருந்து வந்துருச்சு. அவுக எல்லாரும் எந்திரிச்சுக் கைகுடுத்தாக. அந்த ரெண்டு நிமிசம், எனக்கு அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சுக்கா. பெறகுதான்...

— இப்பத்தான் நம்ம ஊருப் பேச்சு வாயில வருது.

— வையுங்க. என்னைய நல்லா வையுங்க.

— வஞ்சா ஒங்களுக்குப் பாரம் எறங்கிரும். நான் ஏன் எறக்கிவிடணும்? ஒண்ணு கேக்கேன். மேடையில மைக்கைப் பிடிச்சு, ‘நான் எளுதுன கதை இது இல்ல. இவுக ஊரு மேல நாங்க அபாண்டத்தைப் போட்டோம். கையில வெள்ளி இருக்கிறது வேலைக்கு அடையாளம், களவாணிக்கு அடையாளம் இல்ல’ன்னு சொல்வீகளா? சொன்னா வர்றேன். அந்த நீலச் சேலையைக் கட்டிக்கிட்டு வர்றேன்.

— ...அந்த மேடையிலதான் என் பேரை அறிவிக்கப் போறாக. அடுத்த படத்துக்கு நான்தான் டைரக்டர்னு. அதே புரொடியூசர்.

— அப்ப சொல்ல மாட்டீக.

— கொஞ்ச நாள் குடுங்கக்கா. என் படத்துல சொல்றேன். முதல் படத்துலயே நம்ம சனத்தோட உண்மையைச் சொல்றேன்.

— அந்தக் கதையையும் கடைசி வாரம் மாத்த மாட்டாகளா? சரி, படத்தை விடுவோம். எங்க அக்கா பத்திரகாளியை ஞாபகம் இருக்கா?

— ...இருக்கு. எங்க வீட்டுல வேலை பாத்தாக. நாங்க ஆனைக்குட்டத்துல இருந்து சூலக்கரைக்குக் குடி வந்த புதுசுல.

— அஞ்சு வருசம் பாத்தா. ஒங்க அம்மா வயசுதான் அவளுக்கும். அம்மா ‘ஏ பத்திரகாளி’ன்னு கூப்பிடுவாக, நீங்களும் அப்பிடித்தான் கூப்பிட்டீகளாம். இப்ப என்னைய அக்காங்கிறீக, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்குப் பிடிக்கும்னு சீனியவரைக்கா புளிக்கொளம்பு வைப்பாளாம். பெறகு அம்மாவோட சங்கிலி காணாமப் போச்சு.

— அது நடந்து பதிமூணு வருசமாச்சு. நான் பிளஸ் டூ முடிச்ச நேரம்.

— போலீசுக்குப் போகல. கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிச் சேலைக் கொசுவத்தை உதறச் சொன்னாக. தூக்குச்சட்டியைக் கவுத்தாக, கூட்டாஞ்சோறு தெருவுல கொட்டுச்சு. ஒண்ணும் கெடைக்கல. ஆனாலும் வேண்டாம், போயிருன்னுட்டாக. காலனியில பெறகு ஒரு வீடும் சேர்க்கல.

— நான் மாடியில இருந்தேன். சத்தம் மட்டும் கேட்டுச்சு.

— எங்க ஊருல மூணு பத்திரகாளி இருக்காளுக. அடையாளம் சொல்லணும்ல. ஒருத்தி தையக்கார பத்திரகாளி, ஒருத்தி மேலத்தெரு பத்திரகாளி. எங்க அக்கா சங்கிலி பத்திரகாளி. ரேசன் கடையில அப்பிடித்தான் கூப்பிடுறாக. சின்னப் பிள்ளைக, ‘சங்கிலி ஆத்தா’ங்குது. ஏன் அந்தப் பேருன்னு அதுகளுக்குத் தெரியாது. கூப்பிட்டா அவளும் திரும்பிப் பாக்கா. வேற என்ன செய்வா?

— அக்கா, ஒண்ணு சொல்றேன். நான் அந்தக் கதையை எழுதினதே அவுகளை நெனச்சுத்தான். எங்க அம்மா செஞ்சது தப்புன்னு எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சந்தேகம் மட்டும் வச்சுக்கிட்டு ஒரு பொம்பளையைத் தெருவுல நிப்பாட்டுறாங்கன்னா... அவுகளுக்கு ஒரு நியாயம் கிடைக்கணும்னு எழுதினேன்.

— நெசமாவா?

— நெசமா. உங்களைத் தேடி வந்ததுகூட அதுக்குத்தான். அவுக தங்கச்சின்னு விசாரிச்சுத்தான் வந்தேன். உங்ககிட்டச் சொல்லல.

— எனக்கும் தெரியும். வேற எதுக்கு, இம்புட்டு ஊரை விட்டுட்டு எந்தெருவுக்கு வருவீக?

— அப்போ என்னைய நம்புறீங்களா?

— நம்புறதுக்குத்தான் கேக்கேன். இன்னும் எதுவும் எங்கிட்டச் சொல்ல வேண்டியது இருக்கா?

— இன்னும் என்னக்கா? கிளைமாக்ஸை வித்ததைச் சொல்லிட்டேன். வெள்ளிக் கை என் வாயில இருந்து வந்ததைச் சொல்லிட்டேன். மேடையில பேச எனக்குத் தைரியம் இல்லைங்கிறதையும் சொல்லிட்டேன். ஒரு மனுசன் இதுக்கு மேல எப்படி வெக்கப்படுறது?

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல. கார் நிக்கட்டும்.

— இல்லக்கா. இதுக்கு மேல மறைக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. எங்க அம்மா மேல சத்தியமா.

— அம்மாவை இழுக்காதீக. பாவம் அவுக.

— உங்க அக்கா... அவுக எப்படி இருக்காக? இந்தக் கதை அவுகளுக்குத் தெரியுமா?

— தை மாசம் நீங்க சொல்லிட்டுப் போன அன்னைக்கே ஓடிப் போய்ச் சொல்லிட்டேனே. அவ அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. வேலைக்காரி மேல பளி விழுகுதுன்னேன், ஒண்ணும் கேக்கல. வீட்டுச் சின்னப் பையன்தான் எடுத்திருக்கான், அவனே ஊரைக் கூட்டி ஒத்துக்கிறான்னேன். சொளகைக் கீள வச்சுட்டா. ‘அவனே ஒத்துக்கிறானா? அவன் வாயாலயா?’ன்னு மூணு தடவை கேட்டா. நான் என்னமோ சினிமாக் கதைன்னு சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனேன். படம் வந்த அன்னைக்குத் தலைக்குக் குளிச்சு, எனக்கு முந்தி வேன்ல ஏறி உக்காந்திருந்தா. சினிமாக் கொட்டகைக்கு அவ போயி இருவது வருசமாச்சு தம்பி. படம் ஓட ஓட எல்லாரும் என்னையப் பாத்தாக, அவ மட்டும் தெரையை விட்டுக் கண்ணை எடுக்கல.

— அவுகளும் வந்தாகளா? போலீஸ் தம்ளரைக் காட்டினப்போ... அவுக என்ன செஞ்சாக?

— ஒண்ணும் செய்யல. படம் முடிஞ்சு வெளக்கைப் போட்டு எல்லாரும் எந்திரிச்சுட்டாக, நான் மூஞ்சியைச் சேலையில மூடிக்கிட்டு, வாக்கா போவோம்னு கையைப் பிடிச்சு இழுக்கேன். அந்தக் களவைப் பத்திப் பதிமூணு வருசமா எங்ககிட்டக்கூட வாயைத் தெறக்காதவ, நாக்காலியை விட்டு எந்திரிக்காம, ‘இருடீ, அந்தத் தம்பி பீரோவைத் தெறந்து சங்கிலியை எடுத்ததை நான் அடுப்படியில நின்னு பாத்தேன்ல, அதைக் காட்டாம எப்பிடிப் படம் முடியும்’னு கேட்டா.